அப்பாவுக்கு மார்ஃபின் எழுதியிருக்கிறார்கள். அது மூளையிலும் தண்டுவடத்திலும் போய் என்ன செய்கிறது?

புலிகரை மகன் | திங்கள், இரவு 10:40

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் பாலக்கோடு பக்கம். அப்பாவுக்கு 71 வயது. புராஸ்டேட் புற்றுநோய், இடுப்பெலும்புக்கும் கீழ் முதுகெலும்புக்கும் பரவிவிட்டது. மூன்று மாதமாக வலி. தக்காளிக் கூடையைத் தோளில் வைத்துக்கொண்டு வரப்பில் நடந்த மனிதர், இன்று ஒருக்களித்துப் படுக்கவே ஒரு ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது. டிரமடால் கொடுத்தோம். முதலில் கேட்டது, இப்போது கேட்பதில்லை. போன வாரம் பெங்களூரில் பார்த்த மருத்துவர் மார்ஃபின் 10 மில்லிகிராம் மாத்திரை, நான்கு மணி நேரத்துக்கு ஒன்று என்று எழுதிக் கொடுத்தார். மாத்திரை பீரோவில் இருக்கிறது. இன்னும் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை.

காரணம் பெரியப்பா. "மார்ஃபின் ஆரம்பிச்சா ஆள் போயிட்டான்னு அர்த்தம். மூளையை மழுங்கடிச்சிடும், நெனவே இருக்காது" என்கிறார். அம்மாவும் பயந்துவிட்டார். அப்பா எதுவும் சொல்வதில்லை. ராத்திரியில் அவர் பல்லைக் கடிக்கிற சத்தம் மட்டும் பக்கத்து அறைக்குக் கேட்கிறது.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். வலி இடுப்பில். மாத்திரை போவது வயிற்றுக்கு. அது எப்படி இடுப்பு வலியை நிறுத்தும்? மூளையை மயக்கித்தான் நிறுத்துகிறது என்றால் பெரியப்பா சொல்வது சரி என்றுதானே ஆகிறது? நான் பத்தாவது வரைதான் படித்தேன். ஆனால் பொறுமையாகச் சொன்னால் புரிந்துகொள்வேன்.

வீடு தேடிப் போகிறவள் | திங்கள், இரவு 11:15

தம்பி, நான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நோய் ஆதரவு சிகிச்சைச் செவிலியர். வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் இருப்பவர்களைப் பார்ப்பதுதான் வேலை. உங்கள் பெரியப்பா சொல்வதை வாரத்துக்கு இரண்டு வீட்டிலாவது கேட்கிறேன். அவர் மேல் கோபப்படாதீர்கள். முன்பெல்லாம் கடைசி இரண்டு நாளில்தான் மார்ஃபின் ஊசி போட்டார்கள். ஊசி போட்டார்கள், ஆள் இறந்துவிட்டார் என்று பார்த்தவர்களுக்கு ஊசிதான் காரணம் என்று மனதில் பதிந்துவிட்டது. நோய் முற்றிய பிறகு தாமதமாகக் கொடுத்த மருந்து அது. இதை அவரிடம் நிதானமாகச் சொல்லுங்கள்.

உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்பதை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான் ஒன்று மட்டும் கேட்கிறேன். அப்பாவுக்குக் கடைசியாக கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) எப்போது பார்த்தார்கள்? சிறுநீர் சரியாகப் போகிறதா? காலையில் மருத்துவருக்குப் போன் போட்டு இந்த இரண்டையும் சொல்லிவிட்டு மாத்திரையை ஆரம்பியுங்கள். காரணத்தைப் பிறகு எழுதுகிறேன்.

மயக்கவியல் மாணவி | செவ்வாய், காலை 6:05

இரவுப் பணி முடிந்து வந்து இதைப் படித்தேன். தூங்குவதற்கு முன் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

அண்ணா, முதலில் வலி எந்த வழியாகப் போகிறது என்று பார்ப்போம். எலும்பில் கட்டி வளரும்போது எலும்பு கரைகிறது. அங்கே அமிலமும், வீக்கத்தை உண்டாக்கும் வேதிப்பொருள்களும் ஊறுகின்றன. எலும்பைச் சுற்றியிருக்கும் மேலுறையில் நரம்பு முனைகள் நெருக்கமாக இருக்கின்றன. அவை தூண்டப்பட்டவுடன் இரண்டு வகை நரம்பிழைகள் வழியாகச் செய்தி கிளம்புகிறது. ஏ-டெல்டா இழை வேகமானது. அப்பா புரண்டு படுக்கும்போது 'சுருக்' என்று வெட்டுகிறதே, அது இதன் வழியாக வருவது. சி இழை மெதுவானது, வினாடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் ஓடும். அசையாமல் படுத்திருந்தாலும் விடாமல் கடுக்கும் வலி அதன் வழியாக வருவது.

இந்த இரண்டு இழைகளும் நேரே மூளைக்குப் போவதில்லை. பலர் தவறாக நினைத்திருப்பது இதைத்தான். முதுகெலும்புக்குள் இருக்கும் தண்டுவடத்தின் பின்பக்கம் வரை வந்து அங்கேயே முடிந்துவிடுகின்றன. அந்தப் பகுதிக்குப் பின்கொம்பு என்று பெயர். அங்கே முதல் நரம்பு செய்தியை இரண்டாவது நரம்பிடம் கை மாற்ற வேண்டும். இரண்டுக்கும் நடுவில் மிக மெல்லிய இடைவெளி. முதல் நரம்பின் நுனிக்குள் கால்சியம் பாய்ந்தவுடன் அங்கே சேமித்து வைத்திருக்கும் குளுட்டமேட், 'பொருள் பி' ஆகிய வேதிப்பொருள்கள் இடைவெளியில் கொட்டுகின்றன. இரண்டாவது நரம்பு அதை வாங்கிக்கொண்டு, தண்டுவடத்தின் எதிர்ப்பக்கத்துக்குக் கடந்து, மேலே மூளையின் தலாமஸ் வரை ஏறுகிறது.

மார்ஃபின் முதலில் கை வைப்பது இந்தக் கைமாற்றத்தில்தான். மாத்திரை குடலில் கரைந்து ரத்தத்தில் கலந்து தண்டுவடத்தையும் வந்து சேர்கிறது. முதல் நரம்பின் நுனியிலும், இரண்டாவது நரம்பின் மேலும் 'மியூ' என்ற ஏற்பிகள் இருக்கின்றன. ஏற்பி என்றால் பூட்டு மாதிரி ஒரு புரதம். மார்ஃபின் அதில் பொருந்தியவுடன் நரம்பின் உள்பக்கம் ஜி புரதம் என்ற ஒன்று விழித்துக்கொண்டு இரண்டு வேலை செய்கிறது. முதல் நரம்பில் கால்சியம் நுழையும் கதவை மூடுகிறது. கால்சியம் வராவிட்டால் குளுட்டமேட் கொட்டாது. இரண்டாவது நரம்பில் பொட்டாசியம் வெளியேறும் கதவைத் திறந்துவிடுகிறது. பொட்டாசியம் வெளியே போனால் அந்த நரம்புக்குள் எதிர்மின்னூட்டம் கூடும், எளிதில் கிளர்ச்சி அடையாது. கொடுப்பவர் குறைத்துக் கொடுக்கிறார், வாங்குபவரும் லேசில் வாங்குவதில்லை. மூளைக்கு ஏறுகிற செய்தி அந்த அளவுக்கு மெலிந்துவிடுகிறது.

இது மூளையை மயக்குவதால் மட்டும் நடப்பதில்லை என்பதற்கு உங்கள் வீட்டிலேயே சாட்சி இருக்கலாம். சிசேரியன் செய்யும்போது முதுகில் ஊசி போடுவார்களே, பல இடங்களில் அந்த மருந்தோடு ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு மார்ஃபினைத் தண்டுவட நீரில் கலந்து விடுவார்கள். அந்தத் துளி மருந்து ஒரு நாள் அளவுக்குத் தையல் வலியைத் தணித்து வைக்கும். தாய் முழு விழிப்போடு குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பார். வாயால் 300 மில்லிகிராம் கொடுத்தால் கிடைக்கும் வலி நிவாரணம், தண்டுவட நீரில் 1 மில்லிகிராமுக்குக் கிடைக்கும் என்று எங்களுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார்கள். தண்டுவடம் இந்த மருந்துக்கு எவ்வளவு முக்கியமான களம் என்று இதிலேயே தெரியும்.

இன்னொன்று. மரத்துப்போகும் ஊசி போட்டால் தொடுவதுகூடத் தெரியாது, காலை அசைக்க முடியாது. மார்ஃபின் அப்படிச் செய்யாது. அம்மா கையைப் பிடித்தால் அப்பாவுக்குத் தெரியும். தொடு உணர்ச்சி போகும் பருமனான நரம்பிழைகளை அது பெரும்பாலும் தொடுவதே இல்லை.

மூளையில் நடப்பதை எழுந்த பிறகு எழுதுகிறேன்.

ஊத்தங்கரை வாத்தியார் | செவ்வாய், காலை 9:30

மாணவி எழுதியது அருமை. நான் முப்பது வருடம் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். புலிகரைத் தம்பிக்காக ஒரு உவமை. ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். வலி என்பது ஏரித் தண்ணீர். மூளை என்பது கடைக்கோடி வயல். நடுவில் மதகு. அந்த மதகுதான் தண்டுவடத்தின் பின்கொம்பு. மார்ஃபின் ஏரியை வற்ற வைக்கவில்லை, வயலையும் அழிக்கவில்லை. மதகுப் பலகையை இறக்கிவிடுகிறது. அவ்வளவுதான்.

இந்தப் பூட்டு நம் உடம்பில் எதற்கு இருக்கிறது என்று மாணவர்கள் கேட்பார்கள். கசகசாச் செடியின் பாலுக்காக உடம்பு பூட்டு செய்து வைத்திருக்குமா? 1800களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் செர்ட்டூர்னர் என்ற இளம் மருந்தாளுநர் அந்தப் பால் உறைந்த அபினிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்தார். கிரேக்கக் கனவுத் தெய்வமான மார்ஃபியஸின் பெயரை வைத்து அதை அழைத்தார். அதற்குப் பிறகு நூற்று அறுபது வருடத்துக்கு மேல் அது எங்கே ஒட்டுகிறது என்று யாரும் காட்டவில்லை. 1973இல் அமெரிக்காவின் பால்டிமோரில் கேண்டஸ் பெர்ட், சாலமன் ஸ்னைடர் இருவரும் மூளையில் அந்த ஏற்பியைக் காட்டினார்கள். பூட்டு இருந்தால் உடம்புக்குச் சொந்தமான சாவியும் இருக்க வேண்டுமே என்று தேடியதில், 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும் பன்றி மூளைகளிலிருந்து என்கெஃபலினைப் பிரித்தெடுத்தார்கள். அப்புறம் எண்டார்பின், டைனார்பின் என்று வரிசையாக வந்தன. ஆக, வலியைத் தணிக்கும் பொருள் நம் மூளையிலேயே சுரக்கிறது. மார்ஃபின் வெளியிலிருந்து வந்த சாவி, ஆனால் பூட்டு நம்முடையது. வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் முகத்தில் வரும் ஆச்சரியத்தை இன்னும் மறக்கவில்லை.

மயக்கவியல் மாணவி | செவ்வாய், மதியம் 2:50

ஐயா, மதகு உவமையை நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரு திருத்தம் மட்டும். பலகை முழுக்க இறங்குவதில்லை. வலி கொஞ்சம் கசியத்தான் செய்யும். முழுக்க அடைக்க வேண்டும் என்று அளவைக் கூட்டினால் மற்ற தொல்லைகள் முந்திக்கொள்ளும். அப்பா புரண்டு படுக்க வேண்டும், ராத்திரி தூங்க வேண்டும். அதுதான் இலக்கு.

இப்போது மூளை. நடுமூளையின் மையத்தில் ஒரு சின்ன நீர்க்குழாய் ஓடுகிறது. அதைச் சுற்றிச் சாம்பல் நிறத் திசு. 1969இல் ரெனால்ட்ஸ் என்ற ஆய்வாளர் எலிகளில் அந்த இடத்தை மின்சாரத்தால் தூண்டிவிட்டு, மயக்க மருந்தே இல்லாமல் வயிற்று அறுவை செய்ய முடிந்தது என்று எழுதினார். அங்கிருந்து கிளம்பும் நரம்புகள் முகுளம் வழியாகக் கீழே இறங்கித் தண்டுவடப் பின்கொம்பில் போய் முடிகின்றன. ஐயாவின் உவமையில் சொன்னால், மதகை மூடுவதற்கென்று மேலேயிருந்து அனுப்பப்படும் ஆள் இவர்.

சாதாரண நேரத்தில் அந்த ஆளை ஒருவர் கையைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறார். காபா என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பு அது. மார்ஃபின் நடுமூளைக்குப் போய் மதகுக்காரரை உசுப்புவதில்லை. அவர் கையைப் பிடித்திருப்பவரை அடக்குகிறது. பிடி தளர்ந்ததும் மதகுக்காரர் எழுந்து கீழே போய் பலகையை இறக்குகிறார். செரட்டோனின், நார்-அட்ரினலின் சுரக்கும் நரம்புகளும் இந்த இறங்கு பாதையில் சேர்கின்றன. ஒரே மருந்து கீழே தண்டுவடத்தில் நேரடியாகவும், மேலே மூளையிலிருந்து சுற்றி வளைத்தும் அதே மதகை மூடுகிறது. நான் இதை முதன்முதலில் படித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது களமும் இருக்கிறது. தலாமஸிலிருந்து வலிச் செய்தி பல இடத்துக்குப் பிரிகிறது. 'இடது இடுப்பு, இவ்வளவு பலமாக' என்று இடம் குறிக்கும் பகுதி ஒன்று. 'ஐயோ, தாங்க முடியவில்லை' என்ற வேதனையை உண்டாக்கும் பகுதிகள் வேறு, முன் சிங்குலேட், இன்சுலா என்று பெயர். இந்த வேதனைப் பகுதிகளிலும் மியூ ஏற்பிகள் நிறைய. அதனால்தான் நோயாளிகள் "வலி இருக்குதுங்க, ஆனா முன்ன மாதிரி உயிரை எடுக்கல" என்கிறார்கள். அவர்கள் மழுப்பிச் சொல்வதாக நினைக்க வேண்டாம். உள்ளே நடப்பதை அப்படியே சொல்கிறார்கள்.

ஓசூர் ஷிப்ட் | செவ்வாய், இரவு 8:20

எல்லாம் நன்றாகத்தான் எழுதுகிறீர்கள். என் தம்பியைப் பற்றி நான் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வயதில் வலி மாத்திரைக்கு அடிமையானான். டபென்டடால். எந்த நோயும் கிடையாது, எந்த வலியும் கிடையாது. கூடப் பழகியவர்கள் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றக் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டு வருடம் அவனை மீட்பதற்குள் எங்கள் குடும்பம் பட்டது எங்களுக்குத்தான் தெரியும். அவனும் இதே மியூ ஏற்பியில்தான் மாட்டினான், இல்லையா? ஒரு பையனைக் குப்புறத் தள்ளிய பொருளை இன்னொரு வீட்டில் 'உடம்பின் சொந்தப் பூட்டு' என்று கொண்டாடுவதை என்னால் சும்மா படித்துவிட்டுப் போக முடியவில்லை.

ஊத்தங்கரை வாத்தியார் | செவ்வாய், இரவு 8:55

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என் பதிவையும் திரும்பப் படித்தேன். ஆச்சரியத்தைச் சொன்ன இடத்திலேயே ஆபத்தையும் சொல்லியிருக்க வேண்டும். அது என் குறை. உங்கள் தம்பி இப்போது நன்றாக இருக்கிறாரா?

ஓசூர் ஷிப்ட் | செவ்வாய், இரவு 9:10

இருக்கிறான் ஐயா. வேலைக்குப் போகிறான். கேட்டதற்கு நன்றி.

மயக்கவியல் மாணவி | செவ்வாய், இரவு 11:40

ஆமாம், அதே மியூ ஏற்பிதான். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

நடுமூளையில் டோபமைன் சுரக்கும் நரம்புக் கூட்டம் ஒன்று இருக்கிறது. பசிக்குச் சாப்பிட்டால், பிடித்தவரைப் பார்த்தால், 'இது நல்லது, திரும்பச் செய்' என்று மூளைக்குப் பாடம் சொல்லும் இடம். அதையும் ஒரு காபா நரம்பு கையைப் பிடித்து வைத்திருக்கிறது. மருந்து அந்தப் பிடியைத் தளர்த்தினால் டோபமைன் வெள்ளம். மதகு மூடுவதும் இந்த வெள்ளமும் ஒரே முறையில் நடப்பவை, இடம் மட்டும்தான் வேறு. ஊசியில் ஏற்றினால் மருந்து நொடிகளில் மூளைக்குப் போய்விடும், வெள்ளம் சட்டென்று பாயும், பாடம் ஆழமாகப் பதியும். வாயால் போட்ட மாத்திரை அரை மணி, ஒரு மணி என்று மெல்ல ஏறும். அதையும் கடிகாரத்தைப் பார்த்து, வலி வருவதற்கு முன்பே கொடுத்துவிட்டால் 'எப்போது கிடைக்கும்' என்ற தவிப்புக்கே இடம் குறைவு. புற்றுநோய் வலிக்கு மருத்துவர் அளவு பார்த்துக் கொடுக்கும்போது உங்கள் தம்பிக்கு நேர்ந்தது மாதிரி நேர்வது அரிது. அரிது என்கிறேன், இல்லவே இல்லை என்று சொல்லவில்லை.

மூன்று விஷயங்களை நாம் ஒரே பெயரில் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். வாரக்கணக்கில் மருந்து எடுத்தால் ஏற்பிகள் பழகிப்போய், அதே நிவாரணத்துக்குக் கொஞ்சம் கூடுதல் அளவு தேவைப்படலாம். அது பழக்கப்படுதல். திடீரென்று நிறுத்தினால் வியர்வை, வயிற்றுப்போக்கு, உடம்புக் குடைச்சல் வரும். அது உடல் சார்பு, யாருக்கும் வரும், மெல்லக் குறைத்தால் தவிர்க்கலாம். கெடுதல் என்று தெரிந்தும் அதையே தேடி ஓடுவதுதான் அடிமைத்தனம். முதல் இரண்டும் புலிகரை அண்ணாவின் அப்பாவுக்கு வரலாம். அப்படி வந்தால் பயந்து மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

வீடு தேடிப் போகிறவள் | புதன், காலை 7:10

ஓசூர்த் தம்பி சொன்னதை நான் வேலையில் தினமும் மனதில் வைத்திருக்கிறேன். மாத்திரையைப் பூட்டி வைக்கச் சொல்வேன். எண்ணிக்கையை நோட்டில் எழுதச் சொல்வேன். நோயாளி இறந்த பிறகு மீந்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டு வருவோம். வீட்டில் வயசுப் பையன்கள் இருந்தால் இன்னும் கவனம். ஆனால் இந்தப் பயத்துக்காகக் கட்டிலில் கிடப்பவருக்குக் கொடுக்காமல் விட முடியாது தம்பி. வலியில் சுவரைப் பிறாண்டிய விரல்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன்.

அரூர் மருந்தாளுநர் | புதன், காலை 10:25

மார்ஃபின் கடையில் ஏன் கிடைப்பதில்லை என்று தினமும் கேட்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். 1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தபோது மார்ஃபின் வைத்திருக்கப் பல உரிமங்கள் தேவைப்பட்டன. மருத்துவமனைகளே வேண்டாம் என்று விட்டுவிட்டன. கேரளத்தில் மருத்துவர் எம்.ஆர்.ராஜகோபால் போன்றவர்கள் பல வருடம் போராடியதும் சேர்ந்து 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன் உள்ளிட்ட சில மருந்துகளுக்கு நாடு முழுவதும் ஒரே நடைமுறை. அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்கள் அவற்றை வைத்திருந்து கொடுக்கலாம். டிரமடாலும் 2018இல் இந்தச் சட்டத்துக்குள் வந்தது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு கசகசாப் பயிர் செய்கிறார்கள், நீமச்சிலும் காசிப்பூரிலும் அரசு அபின் ஆலைகள் இருக்கின்றன. மூலப்பொருள் விளைகிற நாட்டில் பாலக்கோட்டு மனிதர் ஒரு மாத்திரைக்காக மாநில எல்லை தாண்டி வர வேண்டியிருப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

2021 ஆகஸ்ட் 5இல் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கப்பட்டது நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். அதில் நோய் ஆதரவு சிகிச்சையும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள்.

காரிமங்கலம் மகள் | புதன், மதியம் 1:00

என் அம்மாவுக்குக் கன்னத்தில் புற்றுநோய். வெற்றிலையும் புகையிலையும் நாற்பது வருடம். முகத்து வலிக்கும் தண்டுவடத்து மதகுதானா? முகம் தண்டுவடத்துக்கு மேலே அல்லவா இருக்கிறது?

மயக்கவியல் மாணவி | புதன், மாலை 5:30

நல்ல கேள்வி அக்கா. முகத்து வலி ஐந்தாவது மூளை நரம்பு வழியாகப் போகிறது. அது மூளைத்தண்டுக்குள் நுழைந்தாலும், வலி இழைகள் திரும்பக் கீழ்நோக்கி இறங்கிக் கழுத்துத் தண்டுவடத்தின் மேல் நுனி வரை வந்து அங்கே கை மாற்றுகின்றன. பின்கொம்பைப் போலவே அமைப்பு, அதே மியூ ஏற்பிகள். மதகு இருக்கும் இடம் வேறு, பலகை ஒன்றுதான். விழுங்க முடியாதவர்களுக்குத் தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டை தரலாமா என்று மருத்துவர் முடிவு செய்வார். ஒட்டினால், அதன் மேல் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவே கூடாது. சூட்டில் மருந்து வேகமாக உடம்பில் ஏறிவிடும். காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான், உடனே சொல்லுங்கள்.

தொப்பூர்ல விழுந்தவன் | புதன், இரவு 9:45

எனக்குப் புற்றுநோய் இல்லை. தொப்பூர்க் கணவாயில் லாரி மோதி வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆறு வருடம் ஆகிறது. இல்லாத பாதத்தில் இன்றும் தீ எரிகிற மாதிரி இருக்கும். ஆரம்பத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் இந்த வகை மாத்திரையை ஏற்றிக்கொண்டே போனார்கள். வலி பாதிகூடக் குறையவில்லை. தூக்கமும் மலச்சிக்கலும்தான் மிச்சம். பிறகு வேறு மருத்துவர் மாற்றிய மாத்திரையில்தான் கொஞ்சம் அடங்கியது. ஏன் எனக்கு மட்டும் மதகு மூடவில்லை?

மயக்கவியல் மாணவி | வியாழன், காலை 6:30

அண்ணா, உங்களுக்கு நரம்பே காயப்பட்டிருக்கிறது. வெட்டுப்பட்ட நரம்பு தூண்டுதல் இல்லாமலே தானாக வலிச் செய்தி அனுப்புகிறது. தண்டுவடத்தின் இரண்டாவது நரம்பும் அதிகக் கூர்மையாகிவிடுகிறது, சின்னச் செய்தியைக்கூடப் பெரிதாக்கும். மூளையில் இருக்கும் உடல் வரைபடத்தில் பாதத்துக்கான இடம் அப்படியே இருப்பதால் வலி 'பாதத்தில்' தெரிகிறது. காயப்பட்ட நரம்பில் மியூ ஏற்பிகளும் குறைந்துவிடுகின்றன. அதனால்தான் நரம்பு வலிக்கு கபாபென்டின், அமிட்ரிப்டிலின் மாதிரி மருந்துகளை முதலில் பார்ப்பார்கள். ஓபியாய்டை, அதாவது மார்ஃபின் வகை மருந்தை, மிக அதிக அளவில் நெடுநாள் கொடுத்தால் சிலருக்கு வலி உணர்வே கூடிவிடுவதும் உண்டு. அளவை ஏற்றிக்கொண்டே போனது உங்களுக்கு உதவாததில் உங்கள் தவறு எதுவும் இல்லை.

புலிகரை மகன் | வியாழன், இரவு 10:15

ஐந்து வேளை மாத்திரை கொடுத்துவிட்டேன். புதன்கிழமை மருத்துவரிடம் பேசினேன். கிரியாட்டினின் கொஞ்சம் கூடுதல் என்பதால் 5 மில்லிகிராமில், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆரம்பிக்கச் சொன்னார். மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கிறேன். செவிலியர் அக்கா கேட்டது எவ்வளவு முக்கியம் என்று இப்போதுதான் புரிகிறது.

நேற்று இரவு அப்பா நான்கு மணி நேரம் தொடர்ந்து தூங்கினார். நான்தான் தூங்கவில்லை. மூச்சு வருகிறதா என்று மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். காலையில் இரண்டு தடவை வாந்தி. கண் மணி குண்டூசித் தலை மாதிரி சிறுத்திருக்கிறது. இதெல்லாம் சரிதானா?

வீடு தேடிப் போகிறவள் | வியாழன், இரவு 10:50

சரிதான் தம்பி. மாதக்கணக்கில் தூங்காத உடம்பு, முதல் இரண்டு மூன்று நாள் தூங்கித் தீர்க்கும். வாந்தியும் சில நாளில் அடங்கிவிடும், அதற்கு மாத்திரை கேட்டு வாங்குங்கள். கண் மணி சிறுப்பது இந்த மருந்தின் அடையாளம், எவ்வளவு நாளானாலும் அப்படியேதான் இருக்கும். மலச்சிக்கலும் பழகிப் போகாது. குடலின் நரம்புகளிலும் இதே ஏற்பி இருக்கிறது, குடல் அசைவு மந்தமாகிவிடும். முதல் நாளிலிருந்தே மலமிளக்கி கொடுக்க வேண்டும். கேழ்வரகுக் கூழும் தண்ணீரும் நல்லது, ஆனால் அது மட்டும் போதாது.

சிறுநீரகத்தைக் கேட்ட காரணம் இதுதான். கல்லீரல் மார்ஃபினை உடைக்கும்போது வரும் ஒரு பொருள் மார்ஃபினைப் போலவே பலமாக வேலை செய்யும். அது சிறுநீரில்தான் வெளியேற வேண்டும். புராஸ்டேட் அடைத்துச் சிறுநீரகம் மந்தமானால் அது ரத்தத்தில் தேங்கும். கூப்பிட்டால் எழுப்ப முடியாத தூக்கம், கை கால் வெடுக் வெடுக்கென்று துள்ளுவது, மூச்சு நிமிடத்துக்குப் பத்துக்கும் கீழே போவது, இவற்றில் எது வந்தாலும் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

மயக்கவியல் மாணவி | வெள்ளி, காலை 6:20

மூச்சைப் பற்றிக் கொஞ்சம். மூளைத்தண்டில் மூச்சுத் தாளத்தை உண்டாக்கும் நரம்புகளிலும் மியூ ஏற்பி உண்டு. ரத்தத்தில் கரியமில வாயு ஏறினால் 'மூச்சு விடு' என்று அவை தூண்டும். அளவு மீறிய ஓபியாய்டு அந்தத் தூண்டுதலை மழுங்கடிக்கும். அளவு மீறினால் உயிர் போவது இதனால்தான். நலாக்ஸோன் ஊசி அதே ஏற்பியிலிருந்து மார்ஃபினைத் தள்ளிவிட்டு மூச்சைத் திரும்பக் கொண்டுவரும், ஆனால் அதோடு வலியும் திரும்பும். வலியே மூச்சைத் தூண்டும் ஒரு சக்தி. குறைந்த அளவில் தொடங்கி, வலிக்குத் தகுந்தபடி மெல்ல ஏற்றினால் மூச்சு குறைவதற்கு வெகு முன்பே தூக்கக் கலக்கம் வந்து எச்சரித்துவிடும். தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்தால் அந்த எச்சரிக்கை நேரம் கிடைக்காது. வீட்டில் யாராவது 'தூங்கட்டும்' என்று பழைய தூக்க மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புலிகரை மகன் | ஞாயிறு, மாலை 4:30

வாந்தி நின்றுவிட்டது. அப்பா இன்று தானாகப் புரண்டு படுத்தார். பேரன் பக்கத்தில் உட்கார்ந்து தொணதொணவென்று பேசும்போது மாத்திரை நேரத்தைக்கூடக் கேட்பதில்லை. இதுவும் எண்டார்பினா? பெரியப்பா வந்தார். அப்பா அவரிடம் மாந்தோப்புக் குத்தகைக் கணக்கை வருடம் தவறாமல் சொன்னார். பெரியப்பா ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை எலும்பு வலிக்கு ஒரே ஒரு தடவை கதிர்வீச்சு கொடுக்கலாம் என்று வரச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று மணி நேரம் காரில் போக வேண்டும். குலுக்கலில் வலிக்குமே என்றுதான் கவலை.

மயக்கவியல் மாணவி | ஞாயிறு, மாலை 5:05

பேரன் விஷயத்தில் எண்டார்பினுக்கும் பங்கு இருக்கலாம் அண்ணா. 1978இல் பல் பிடுங்கியவர்களிடம் ஒரு ஆய்வு செய்தார்கள். மருந்தே இல்லாத வெறும் ஊசியைப் போட்டும் சிலருக்கு வலி குறைந்தது. நலாக்ஸோன் கொடுத்தவுடன் அந்த நிவாரணம் போய்விட்டது. நம்பிக்கை கொடுத்த நிவாரணமும் இதே ஏற்பி வழியாகத்தான் வந்திருக்கிறது. பேரனை உட்கார வையுங்கள், மாத்திரையையும் நேரத்துக்குக் கொடுங்கள்.

வீடு தேடிப் போகிறவள் | ஞாயிறு, மாலை 6:20

இடையில் வரும் வலிக்கென்று ஒரு கூடுதல் வேளை எழுதியிருப்பார்கள், சீட்டைப் பாருங்கள். இல்லாவிட்டால் நாளைக்கே போனில் கேட்டு அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். கார் கிளம்ப அரை மணிக்கு முன்னால் அதைக் கொடுங்கள், ஏறும்போதே மதகு பாதி இறங்கியிருக்கும். இடுப்புக்கு அடியில் மடித்த போர்வை, பின் சீட்டில் சாய்த்துப் படுக்க வையுங்கள். மேம்பாலத்து இணைப்புகளில் மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள்.

புலிகரை மகன் | ஞாயிறு, இரவு 8:00

சரி அக்கா. சீட்டில் இருக்கிறது, பார்த்துவிட்டேன். கார் பெரியப்பாதான் ஓட்டுகிறார். அவரே கேட்டார், மாத்திரை எத்தனை மணிக்குக் கொடுக்கணும் என்று.